காற்றின் திசை: கிழக்கு

மார்ச் 4

அண்ணா,

என் தேனீக்களைக் கொன்றது உன் கையெழுத்து.

நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறாளே என்று அண்ணி முகம் சுளிப்பாள். விசாரித்துவிடுகிறேன். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் மருமகளுக்கு மட்டும் இருமல் நிற்கவில்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரி சரி, பாக்கலாம்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் சரி சரி என்று எழுத உனக்கே கூச்சமாக இருக்கும்.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி காலை ஏழே முக்காலுக்கு மருந்து பிளேன் வந்தது. எங்கள் வரிசை வீடுகளுக்கு மேற்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பருத்தி வயல். ஏழெட்டுத் தடவை போய்ப் போய் வந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தாள். "அம்மா, தூறுது" என்றாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

கொடியில் காய்ந்த அவள் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் புள்ளிகள். தண்ணீர்த் தொட்டி திறந்து கிடந்தது. அதன் மேல் எண்ணெய் மாதிரி ஒரு படலம். மத்தியானத்துக்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அவளைப் படுக்கவைத்துவிட்டுச் சாயங்காலம்தான் தேன் பெட்டிகளைப் பார்க்கப் போனேன். நாற்பது பெட்டியில் இருபத்தாறின் முன்னால் தேனீக்கள் குவிந்து கிடந்தன. செத்தவை நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தன. சாகாதவை ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. தட்டுத் தடுமாறித் திரும்பி வந்தவற்றை வாசலில் காவல் நிற்கும் தேனீக்கள் உள்ளே விடவில்லை, பிடித்துத் தள்ளின. முந்தின நாள் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டிகளின் வாசலை அடைத்து ஈரச் சாக்கு போட்டு மூடியிருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று சட்டமும் இல்லை.

புகார் எழுதினேன். நேற்று பதில் வந்தது. நீயே வாசி: "சம்பவ தினத்தன்று காற்று புகார்தாரரின் வசிப்பிடத்திற்கு எதிர்த்திசையில் வீசியதாகப் பதிவேட்டில் காணப்படுவதால், புகார் ஆதாரமற்றது என முடித்துவைக்கப்படுகிறது." கீழே உன் கையெழுத்து. கடைசி எழுத்தை வால் மாதிரி இழுப்பாயே, அதே வால்.

காற்று எதிர்த்திசையில் போனதென்றால் என் பிள்ளையின் சட்டையில் விழுந்தது என்ன?

பதில் போடு.

உன் தங்கை


மார்ச் 17

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அண்ணி ஒரு முறை படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாள். நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம். எனக்கு ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதல் என்று டாக்டர் சொல்கிறார். மருமகளை நல்ல டாக்டரிடம் காட்டினாயா? உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்.

தேனீக்களைப் பற்றிப் படித்தபோது மிகவும் வருத்தமாக இருந்தது. என் மேசைக்கு வரும் கோப்புகளில் எண்தான் முதலில் கண்ணில் படும். பெயர் உள்ளே இருக்கும்.

நடைமுறையை விளக்குகிறேன். விமானம் கிளம்புவதற்கு முன் தரையில் ஒருவர் புகை போட்டுக் காற்றைப் பார்ப்பார். பிறகு ஒரு படிவம் நிரப்புவார். பயிர், மருந்து, உயரம், காற்றின் வேகம், காற்றின் திசை எல்லாம் அதில் உண்டு. அந்தப் படிவம் எங்கள் பதிவுப் பிரிவுக்கு வரும். புகார் வந்தால் அதோடு ஒப்பிடுவோம். பிப்ரவரி பத்தொன்பதுக்கான படிவத்தில் "காற்றின் திசை: கிழக்கு" என்று எழுதப்பட்டுள்ளது. கிழக்குக் காற்று என்றால் கிழக்கிலிருந்து மேற்கே வீசுவது. உன் வீடு வயலுக்குக் கிழக்கே இருக்கிறது. ஆகவே மருந்து உன் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. புதிய விதிகள் வரையப்படுகின்றன. வீடு, கிணறு, வாய்க்கால், தேன் பெட்டி ஆகியவற்றிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளித்தான் தெளிக்க வேண்டும், இரண்டு நாள் முன்பே அறிவிக்க வேண்டும், பூக்கும் பருவத்தில் பகலில் தெளிக்கக் கூடாது என்பவை வரைவில் இருக்கின்றன. அவற்றை முடிவுசெய்யும் குழுவுக்கு வேண்டிய பதிவுகளை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஜூன் பத்தாம் தேதி இறுதிக் கூட்டம். அதுவரை பொறுமையாக இரு. பத்திரிகைக்கு எதுவும் எழுதிவிடாதே.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 25

அண்ணா,

மாத்திரையை வேளாவேளைக்குப் போடு. இதைப் படித்தால் அழுத்தம் ஏறும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணி பேசாமல் மடித்து வைத்ததற்கு அவளுக்கு ஒரு முத்தம்.

பெயர் உள்ளே இருக்கும் என்கிறாய். ஆமாம், இருந்தது. பெயருக்குக் கீழே இருபத்தாறு பெட்டி இருந்தது, ஒரு பிள்ளையின் வாந்தி இருந்தது. நீ உள்ளே போகவே இல்லை. அதை ஒத்துக்கொண்டிருந்தால் பாதிக் கோபம் அங்கேயே போயிருக்கும்.

எங்கள் வரிசையில் வீடு வீடாகப் போனேன். இரண்டு வருஷத்தில் பதினொரு பேர் புகார் எழுதியிருக்கிறார்கள். பதினொரு பேருக்கும் ஒரே பதில். எதிர்த்திசை. தையல்கார அக்கா தன்னுடையதை மிஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

"ஏண்டி, நம்ம வீட்டைப் பாத்தாலே காத்து திரும்பிப் போயிடுமா? அவ்வளவு அசிங்கமாவா இருக்கோம்?"

"காத்துக்கும் பிளேன் கம்பெனியில சம்பளம் போல, அக்கா."

"குடுத்துவெச்ச காத்து. என் வீட்டுக்காரருக்குத்தான் அங்க வேலை கிடைக்க மாட்டேங்குது."

சிரித்தோம். பிறகு கையை நீட்டிக் காட்டினாள். முழங்கை வரை தோல் வெடித்திருந்தது. தொட்டித் தண்ணீரில் துணி அலசுகிற கை.

உன் மாப்பிள்ளை மூன்று வருஷமாக அந்த விமானத் திடலில்தான் புகை போடுகிறார் என்பது உனக்குத் தெரியும். நான் தேன் பெட்டிக்குப் புகை போடுகிறேன், அவர் பிளேனுக்குப் புகை போடுகிறார். இரண்டு புகையில்தான் இந்த வீடு ஓடுகிறது. அன்றைக்கு யார் படிவம் நிரப்பியது என்று கேட்டேன். "மூணு பேர் இருக்கோம், எவன் நிரப்பினானோ, ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு" என்கிறார்.

எனக்கு அந்தத் தாளின் நகல் வேண்டும். மேற்கேயிருந்து வந்த காற்றைக் கிழக்கு என்று கூசாமல் எழுதியவன் எவன் என்று தெரிய வேண்டும். அவன் கையெழுத்தைப் பார்த்தால் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன். கம்பெனி அவனுக்கு என்ன கொடுத்தது என்று வாயாலேயே சொல்லவைப்பேன்.

உன் தங்கை


ஏப்ரல் 8

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலமா? மருமகள் பரீட்சை எழுதுகிறாளா?

விதிப்படி கொடுக்கக் கூடாது. இருந்தாலும் நகல் இத்துடன் இருக்கிறது. யாரிடமும் காட்டாதே.

குழுவுக்காக மூன்று வருடப் புகார்களைப் பட்டியலிட்டேன். மொத்தம் முப்பத்தேழு. நிரூபிக்கப்பட்டவை: இல்லை. கம்பெனிகளின் தரப்பில் இந்தப் பட்டியலை மிகவும் விரும்புகிறார்கள். புகாரே உண்மையில்லை என்றால் முந்நூறு மீட்டர் எதற்கு என்று கேட்கிறார்கள். எனக்கு இது சங்கடமாக இருக்கிறது. ஆனால் பதிவேட்டில் இருப்பதைத்தானே நான் கொடுக்க முடியும்?

அண்ணிக்கு முழங்கால் வலி. மற்றபடி ஒன்றுமில்லை.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

அண்ணிக்கு முழங்கால் தேவலையா? இங்கே உடம்பு எல்லாருக்கும் பரவாயில்லை. மனசுதான் சரியில்லை. எழுதுகிறேன், நிதானமாகப் படி.

கவரைப் பிரித்த உடனே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் "கி"யை எனக்குத் தெரியும். மேலே கொக்கி மாதிரி வளைத்திருக்கும். பிள்ளையின் நோட்டுகளுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதுகிற கை.

அவர் வேலை முடிந்து வந்ததும் தாளை மேசையில் வைத்தேன்.

"இது யார் எழுதினது?"

குனிந்து பார்த்தார். "நான்தான். ஏன்?"

"அன்னைக்குக் காத்து கிழக்கேயிருந்தா வந்துச்சு?"

"கிழக்கேயிருந்தா? எவன் சொன்னான்? மேற்கேயிருந்து வந்துச்சு. புகை நேரா நம்ம வீட்டுப் பக்கம் போச்சு."

"அப்புறம் எதுக்குக் கிழக்குன்னு எழுதினீங்க?"

"கிழக்கேதானே போச்சு!"

எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக் கையை நீட்டிக் காட்டினார். "இங்க புகை போடுறேன். அது எந்தப் பக்கம் போகுதோ அதான் திசை. பஸ்ஸுல எந்த ஊருக்குப் போகுதுன்னுதானே போர்டு மாட்டுறான்? எந்த ஊர்லேருந்து வருதுன்னா மாட்டுறான்?"

அண்ணா, யோசித்துப் பார். பெட்டியைத் திறக்கும்போது காற்று முதுகில் படும்படி நிற்பேன். எனக்குக் காற்று என்றால் அது வருகிற பக்கம். அவர் நாளெல்லாம் புகையைப் பார்த்து நிற்கிறவர். அவருக்கு அது போகிற பக்கம். பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், இதைப் பற்றி எதற்குப் பேசப்போகிறோம்?

அடுத்துக் கேட்டதுதான் கஷ்டம். "நம்ம வீட்டுப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சும் பேசாம இருந்தீங்களா?"

"பேசாம எங்க இருந்தேன்? எழுதினேன்ல? பைலட்கிட்டயும் சொன்னேன். வேகம் கம்மியாத்தான் இருக்கு, திசையைப் பத்தி ரூல்ல ஒண்ணும் இல்லைன்னாரு. சரி, எழுதித்தானே அனுப்புறோம், மேல படிச்சவங்க இருக்காங்க, பாத்து நிறுத்துவாங்கன்னு நெனச்சேன்." தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "உங்கண்ணன் இருக்காருல்ல" என்றார்.

மூன்று வருஷமாக அவர் "வீடுகள் பக்கம் போகிறது" என்று உனக்கு எழுதியனுப்பிக்கொண்டிருந்தார். நீ "வீடுகளுக்கு எதிர்ப்பக்கம்" என்று வாசித்துக்கொண்டிருந்தாய். அவர் பொய் எழுதவில்லை. நீயும் பொய் எழுதவில்லை. பொய்யே இல்லாமல் இவ்வளவும் செத்திருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கள் வரிசையிலிருந்து புகார் வந்த நாளெல்லாம் படிவத்தில் கிழக்கு. புகார் வராத நாளில் வேறு திசை எழுதியதாக அவர் சொல்கிறார். காற்று எங்களை விட்டு விலகிப் போகிற நாளாகப் பார்த்துத்தான் நாங்கள் புகார் எழுதுவோமா? பதினொரு தாளை வரிசையாக வைத்துப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லையா?

நீ குழுவிடம் சொன்னால் போதும். ஒரு பக்கம் எழுது. முப்பத்தேழையும் தலைகீழாக வாசித்துவிட்டோம் என்று. முந்நூறு மீட்டர் தானாக வரும்.

உன் தங்கை


மே 6

மச்சானுக்கு வணக்கம்.

நீங்களும் அக்காவும் நல்லபடியாக இருக்க வேண்டும். மூன்று வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை என்று இவள் தபால்காரரிடம் சண்டை போடுகிறாள். அவர் பாவம். அதனால் நானே எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் மன்னிக்கவும்.

அந்தக் கட்டத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. முன்னால் இருந்தவர் அப்படி எழுதினார், நானும் அப்படி எழுதினேன். மற்ற இரண்டு பேரும் அப்படித்தான். எங்கே வேண்டுமானாலும் வந்து இதைச் சொல்லத் தயார். எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

ஒரு விஷயம் அவளிடம் சரியாகச் சொல்லவில்லை. அன்று காலை புகை வீட்டுப் பக்கம் சாய்ந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவந்து சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷம்தான். மேஸ்திரி திட்டுவார் என்று நின்றுவிட்டேன். அதற்குப் படிவம் காரணமில்லை மச்சான்.

மிச்சமிருந்த பதினாலு பெட்டியிலும் இப்போது தேனீக் குஞ்சுப் புழுக்கள் சாகின்றன. பெரிய தேனீக்கள் பூத்தூளோடு சேர்த்து மருந்தையும் கொண்டுவந்து அவற்றுக்கு ஊட்டுகின்றன என்கிறாள். இந்த வருஷம் தேன் எடுக்கவில்லை. இதை யாருக்குத் தின்னக் கொடுப்பது என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை


மே 18

அன்புத் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே சுகம். அண்ணி நடக்கிறாள்.

மாப்பிள்ளையின் கடிதம் கண்டு மனம் நெகிழ்ந்தேன். விஷயம் இங்கே கவனிக்கப்பட்டது. முப்பத்தேழு புகார்களுக்கான படிவங்களும் மறுபடி பார்க்கப்பட்டன. நான்கு திடல்களிலும் விசாரிக்கப்பட்டது. மூன்றில் காற்று போகும் திசையும், ஒன்றில் வரும் திசையும் எழுதப்பட்டு வந்திருக்கிறது. அந்த வகையில் முப்பத்தொரு புகார்கள் வேறு விதமாக வாசிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. படிவம் ஆறு வருடங்களுக்கு முன் எளிமையாக்கப்பட்டபோது இந்தக் குழப்பம் கவனிக்கப்படவில்லை.

இனி இப்படி நேராது. ஜூன் முதல் புதிய படிவம் அச்சிடப்படுகிறது. "காற்று எங்கிருந்து வருகிறது" என்று தெளிவாகக் கேட்கப்படும். இதற்கு இயக்குநரின் ஒப்புதலைப் பெறுவதே பெரும்பாடாக இருந்தது. எழுத்துப் பிழை திருத்தம் என்ற பெயரில் பெறப்பட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்


மே 26

அண்ணா,

அண்ணி நடக்கிறாள் என்று படித்ததில் சந்தோஷம். உன் கடிதத்தில் யாரோ ஒருவர் தானாக எதையாவது செய்கிற ஒரே இடம் அதுதான்.

மற்றதெல்லாம் "பட்டது". கவனிக்கப்பட்டது, பார்க்கப்பட்டது, விசாரிக்கப்பட்டது. படிவம் எளிமையாக்கப்பட்டது. யாரால் அண்ணா? பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ எழுதியது: "எட்டுப் பக்கப் படிவத்தை நான் ஒரே பக்கமாக்கிவிட்டேன். இயக்குநர் எல்லார் முன்னாலும் கைகுலுக்கினார்." அப்போது நாங்கள் பெருமைப்பட்டோம். இதில் அந்த ஒரு "பட்டோம்" மட்டும்தான் நிஜம். திடலில் இருக்கும் பழைய மெக்கானிக்கைக் கேட்டேன். எட்டுப் பக்கப் படிவத்தில் காற்றுக்கு இரண்டு கட்டம் இருந்ததாம். எங்கிருந்து, எங்கே என்று. நீ இரண்டை ஒன்றாக்கியிருக்கிறாய்.

அதற்காக உன்னைத் தூக்கில் போடச் சொல்லவில்லை. எட்டுப் பக்கம் நிரப்பச் சொன்னால் உன் மாப்பிள்ளை வேலையை விட்டே ஓடியிருப்பார். நல்லது நினைத்துத்தான் செய்தாய். ஆனால் புதிய படிவம் இனிமேல் வரும் காற்றுக்கு. பழைய முப்பத்தொன்றைத் திறக்காவிட்டால் குழுவின் கையில் "நிரூபிக்கப்பட்டவை: இல்லை" என்ற உன் பட்டியல்தான் இருக்கும். அதைக் காட்டித்தான் முந்நூறு மீட்டரை அடிப்பார்கள். எழுத்துப் பிழை என்றா சொன்னாய்? எழுத்து சரியாகத்தான் இருந்தது.

இத்துடன் இரண்டு தாள். ஒன்று உன் மாப்பிள்ளை எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். வேலை போனால் போகட்டும் என்று கொடுத்திருக்கிறார், அன்று மேஸ்திரிக்குப் பயந்து நின்றதையும் என்னிடம் சொல்லிவிட்டார். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு ஒற்றுப் பிழை திருத்தினாள். இன்னொன்று வரிசை வீட்டுக்காரர்கள் பதினொரு பேர் கொடுத்தது. தையல்கார அக்கா பேனாவைப் பிடிக்க முடியாமல் கைநாட்டு வைத்திருக்கிறாள். அவளுக்கு நன்றாக எழுதத் தெரியும்.

ஜூன் பத்தாம் தேதி இவற்றைக் குழுவிடம் கொடு.

உன் தங்கை


ஜூன் 3

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே? இங்கே கூட்ட வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அண்ணியும் நானும் ஒன்று யோசித்தோம். மருமகளை இந்த விடுமுறைக்கு இங்கே அனுப்பு. விடுமுறை முடிந்த பிறகும் இங்கேயே பள்ளிக்கூடம் சேர்க்கலாம். பக்கத்துத் தெருவில் நல்ல பள்ளிக்கூடம். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. இங்கே காற்று நன்றாக இருக்கிறது. அவள் இருமல் நின்றுவிடும்.

மற்றதைப் பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 12

அண்ணா,

நீ நலமாக இருப்பதை நேரிலேயே பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருக்கிறாய். சட்டைக் காலர் கழுத்தை விட்டு நிற்கிறது.

பத்தாம் தேதி கூட்டத்துக்கு நான் வந்திருந்தேன். பொதுமக்கள் உட்காரப் பின்னால் மூன்று பெஞ்ச் போட்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். நீ பார்க்கவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாயோ, தெரியவில்லை.

கம்பெனிகளின் வக்கீல் உன் பட்டியலைத் தூக்கிக் காட்டினார். "முப்பத்தேழு புகார். ஒண்ணுகூட நிக்கல. இல்லாத நோய்க்கு எதுக்கு மருந்து?" என்றார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். குழுத் தலைவி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி உன்னைப் பார்த்துக் கேட்டாள்: "ரெக்கார்ட்ஸ்ல திருத்தம் ஏதாவது இருக்கா?"

நீ எழுந்தாய். உன் கையில் இருந்த கோப்பில், அந்த இரண்டு தாளையும் வைத்து நான் அனுப்பிய பச்சைக் கவரின் ஓரம் வெளியே தெரிந்தது. அதைக் கொண்டுவந்திருக்கிறாய்! விரலால் அந்த ஓரத்தை உள்ளே தள்ளினாய். "இப்போதைக்கு இல்லை, மேடம்" என்றாய்.

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வீடு, கிணறு, வாய்க்கால், தேன் பெட்டி எல்லாம் போயிற்று. முந்நூறு மீட்டர் என்ற இடத்தில் "போதிய இடைவெளி" என்று வைத்துக்கொண்டார்கள். முன்னறிவிப்பு, "இயன்ற வரையில்".

நான் எழுந்து கத்தியிருக்கலாம். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். அன்றைக்கு அது திறக்கவில்லை. நீ சொல்வாய், இதோ சொல்லப்போகிறாய் என்று கடைசி நிமிஷம் வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். பிறகு, அண்ணனை இத்தனை பேர் முன்னால் எப்படி என்று ஒரு எண்ணம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். அவர் மேஸ்திரிக்குப் பயந்தார், நீ தலைவிக்குப் பயந்தாய், நான் உன் முகத்துக்குப் பயந்தேன். யாருமே கெட்டவர்கள் இல்லை. பிளேனுக்கு அது போதும்.

பிள்ளையை அனுப்பச் சொல்லியிருந்தாய். அந்தக் கடிதத்தைப் பல தடவை படித்தேன். இங்கே காற்று நன்றாக இல்லை என்று நீ எழுத்தில் ஒத்துக்கொண்டது அந்த ஒரு இடத்தில்தான். ஒரு பிள்ளைக்கு உன் மாடியில் இடம் இருக்கிறது. வரிசையில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவள் வரமாட்டாள். அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆட்சேபம் தெரிவிக்க ஜூலை பதினொன்று வரை நேரம் இருக்கிறதாம்.

உன் தங்கை


ஜூலை 8

அண்ணா,

அண்ணியின் முழங்காலையும் உன் ரத்த அழுத்தத்தையும் பற்றி யாராவது ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒரு மாசமாக ஒன்றும் இல்லை. நாங்கள் எப்படி என்று நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

உன் மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது. நீ அனுப்பிய புதிய படிவம் திடலுக்கு வந்தது. அதில் அவர் "மேற்கிலிருந்து வருகிறது, வீடுகளின் மேல் போகிறது" என்று எழுதினார். மேஸ்திரி, "உன்னை வருதுன்னு மட்டும்தானே கேட்டான்? போறதை எவன் கேட்டான்?" என்று தாளைக் கிழித்தாராம். இவர் இன்னொரு தாள் எடுத்து மறுபடி அதையே எழுதினாராம். இப்போது சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறார். இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறார். அவர் இடத்துக்கு வந்த ஆளை வாய்க்கால் பாலத்தில் பார்த்தேன். காற்றை எப்படி எழுதுகிறாய் தம்பி என்று கேட்டேன். "அந்தக் கட்டத்தைக் காலியா விடச் சொல்லிட்டாங்கக்கா" என்றான்.

பெட்டிகளில் ஆறு மிஞ்சியிருக்கின்றன. வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால், இருபது கிலோமீட்டருக்கு எந்தப் பக்கம் போனாலும் பருத்திதான்.

ஆட்சேபத்தை நேரில் போய்க் கொடுத்துவிட்டோம். இந்த முறை பதினொன்று இல்லை, எண்பத்துநாலு கையெழுத்து. மற்ற இரண்டு திடல்களின் பக்கத்து வீடுகளுக்கும் நானும் தையல்கார அக்காவும் நடந்தே போனோம். குழு அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். பழைய புகார்கள் தவறாக முடித்துவைக்கப்பட்டன என்று பதிவுப் பிரிவு எழுதிக் கொடுத்தால்தான் தலைவி வரைவை மறுபடி எடுப்பாளாம். இல்லாவிட்டால் எங்கள் கட்டும் உன் மேசைக்கு வந்து, எண் போட்டு, முடித்துவைக்கப்படும். கௌண்டரில் இருந்த பெண் நல்லவள். என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "பதிவுப் பிரிவுல ஒரே ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதும்மா. உங்களுக்கு அங்க யாரையாவது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ என் அண்ணன் என்பதால் செய்ததாக இருக்கக் கூடாது. முப்பத்தொரு தாளையும் பார்த்தவன் நீ என்பதால் செய்ய வேண்டும்.

இந்தக் கடிதம் நாளை மறுநாள் உன் கைக்கு வரும். பதினொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குக் கௌண்டர் மூடுவார்கள். உன் அறையிலிருந்து அந்தக் கௌண்டருக்கு ஒரு மாடி இறங்க வேண்டும், அவ்வளவுதான். நான் எண்ணிப் பார்த்தேன், பதினெட்டுப் படி. ஒரு வெள்ளைத் தாளை எடு. "முப்பத்தொரு புகார்களை நான் தவறாக முடித்துவைத்தேன்" என்று எழுது. உன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போடு. இறங்கிப் போய்க் கொடு.

கொடுத்துவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுது, அண்ணா.